கொலுத் தட்டு சுற்றத் தொடங்கியதும் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகிறதா?

புரோகிராமில் தப்பில்லை, பேட்டரியை மாற்றுங்கள். 9 வோல்ட் சதுர பேட்டரி வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டருக்குத்தான் சரி. தட்டைச் சுற்றும் மஞ்சள் பிஓ மோட்டார் (பிளாஸ்டிக் பல்சக்கரம் உள்ள சின்ன மோட்டார்) கிளம்பும் நொடியில் நிறையக் கரண்ட் இழுக்கும். வோல்டேஜ் சரியும், ஊனோ (உங்கள் ஆர்டுயினோ போர்டு) முதலிலிருந்து தொடங்கும்.

மீட்டரை பேட்டரியில் வைத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டுங்கள். 7 வோல்டுக்குக் கீழே விழுந்தால் பிரச்சினை அதேதான்.

மோட்டாருக்குத் தனியாக நாலு பென்சில் செல் போடுங்கள். இரண்டு சப்ளையின் மைனஸையும் சேர்த்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் போர்டைத்தான் நான் இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன்!

இன்னொன்று: மண் பொம்மைகளின் கனம் மோட்டார் அச்சில் உட்காரக் கூடாது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிடும். தட்டுக்கு அடியில் பேரிங் வையுங்கள். கையால் சுற்றும்போதே இறுக்கமாக இருந்தால் எந்த பேட்டரியும் உதவாது.