செய்திச் சேனல் சந்தேகங்கள்: சீட்டில் வந்த கேள்விகளுக்குப் பதில்

மனைவியின் ஊரான மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து குடியேறும் முன், சென்னையில் ஒரு செய்திச் சேனலில் டெஸ்க் வேலை பார்த்தேன். அது தெரிந்த நாளிலிருந்து ஒட்டுக்கடையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் நாலு கேள்வி வந்துவிடுகிறது. கோயில் மண்டபத்தில் சீட்டில் எழுதிக் கொடுத்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

அண்ணே, இந்தியில் 24 மணி நேரச் செய்தி எப்படி வந்தது?

'ஆஜ் தக்' 1995-இல் தூர்தர்ஷனின் மெட்ரோ சேனலில் வெறும் 20 நிமிட நிகழ்ச்சி. 2000 டிசம்பர் கடைசியில்தான் முழுநேரச் சேனலானது. 20 நிமிடம் என்றால் செய்தியைப் பொறுக்க வேண்டும். 24 மணி நேரம் என்றால் நிரப்ப வேண்டும்.

எது நடுநிலையான சேனல்?

சேனலுக்கு யார் பணம் போட்டது என்று பாருங்கள். பிறகு நீங்களே சொல்வீர்கள்.

அத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ உண்மையா?

தேதியைப் பாருங்கள். மூலையில் சேனல் சின்னம் இருந்தால் இன்றைய செய்தி என்று அர்த்தமில்லை.

விவாதத்தில் ஏன் அப்படிக் கத்துகிறார்கள்?

மலிவு, அதனால்தான். ஒரு கிராமத்துக்கு நிருபர், கேமராமேன், வண்டி, தங்கும் செலவு எல்லாம் போட்டால் கிடைப்பது மூன்று நிமிடச் செய்தி. எட்டுப் பேரை எட்டுக் கட்டத்தில் உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். கட்சிக்காரர் காசு கேட்கமாட்டார், முகம் தெரிந்தால் போதும் அவருக்கு. கத்தினால் மறுநாள் துண்டு துண்டாக வெட்டி யூடியூபிலும் போடலாம்.

இந்திக்காரர்கள்தான் அப்படி. நம் தமிழ்ச் சேனல்கள் கண்ணியமானவை!

இது கேள்வியே இல்லை, இருந்தாலும் விடமாட்டேன். 2006 ஜூலையில் ஹரியானாவின் குருட்சேத்திரம் பக்கம் ஒரு சிறுவன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். இந்திச் சேனல்கள் சுமார் 50 மணி நேரம் அங்கேயே நின்றன. ராணுவம் அவனை உயிரோடு மீட்டது. 'இதெல்லாம் ஒரு செய்தியா' என்று நம் ஆட்கள் சிரித்தார்கள். 2019 தீபாவளிக்குத் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது தமிழ்ச் சேனல்கள் என்ன செய்தன? அதையேதான். அங்கே வணிக முதலாளிகள் என்றால், தமிழ்நாட்டில் கட்சிகளே சேனல் நடத்துகின்றன. 2007-இல் சன் டிவி நடத்தும் மாறன்களோடு பிணக்கு வந்ததும் தி.மு.க.வுக்குக் கலைஞர் டிவி. ஜெயா டிவி கைவிட்டுப் போனதும் 2018-இல் அ.தி.மு.க.வுக்கு நியூஸ் ஜெ.

(அதே நண்பர்) குழந்தைக்காக அழுதது தப்பா?

அழுதது தப்பில்லை. முறுக்குச் சுட்ட கையோடு என் மாமியாரும் டிவி முன்னால் உட்கார்ந்துதான் இருந்தார். பாறை உடைய மறுக்கிறது, மணிக்கணக்காகப் புதுத் தகவல் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு வேறு செய்திக்குப் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. பக்கத்துச் சேனல் அங்கேயே நிற்கிறதே! நீங்கள் அழுதீர்கள், நான் அந்தப் பயத்தைச் சொல்கிறேன்.

(மறுபடியும் அவரே) அப்போ பார்க்கவே வேண்டாமா?

அண்ணே, நேரில் வாங்க, தே வாங்கித் தருகிறேன்.

டிஆர்பி நம்பலாமா?

எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று, சில வீட்டு டிவியில் மீட்டர் வைத்துப் போடும் கணக்குதான் டிஆர்பி. 2020-இல் இந்தியா முழுவதற்கும் சுமார் 44,000 வீடுகளில்தான் மீட்டர். அந்த வீடுகளுக்குச் சிலர் காசு கொடுத்ததாக மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. அந்த அக்டோபரில் நிறுத்திய செய்திச் சேனல் கணக்கு 2022 மார்ச்சில்தான் திரும்பியது.

நடுநிலையான சேனல் எது?

மேலே பார்க்கவும்.

இங்கே கட்டண டிவி தரும் ஆஸ்ட்ரோவில் எந்த பேக்கேஜ் மலிவு?

ஆஸ்ட்ரோவையே கேளுங்கள்.

(இன்னொருவர்) வாட்ஸ்அப்பில் வந்த இந்த வீடியோ...

தேதி!

விவாதம் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் காலையில் ரப்பர் மரம் சீவ எழுவதில்லை. என்ன செய்வது, தம்பி?

அக்கா, இந்தியாவில் இரவு 9 மணி என்றால் நமக்கு 11:30. படுக்கச் சொல்லுங்கள். யார் ஜெயித்தார் என்று காலையில் கேட்டாலும் ஒரே பதில்தான்: யாருமில்லை.