மகள் பிரசவத்துக்கு வருகிறாள்: உக்ரைன் விருந்தாளியிடம் அறையை எப்படிக் கேட்பது?

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "போரில் இடம்பெயர்ந்த உக்ரைனியர்களை வீடுகளில் தங்கவைக்கும் ஹோம்ஸ் ஃபார் உக்ரைன் திட்டத்தில் 2023-இல் வந்த ஒரு தாயும் அவருடைய 13 வயது மகனும் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தோடு ஒட்டிப்போய்விட்டார்கள். இப்போது மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம். இன்னும் நான்கு மாதத்தில் எங்களிடம் வருகிறாள், அந்த அறை வேண்டும். எனக்குக் கேட்கவே வாய் வரவில்லை. கேட்டால் அவர்கள் தெருவில் நிற்பார்களா? பையனை ஹாலில் படுக்க வைத்து, தாய் வேலைக்குப் போவதால் கொஞ்சம் வாடகை வாங்கிச் சமாளிக்கலாம் என்கிறார் கணவர். உள்ளாட்சி மன்றமான கவுன்சில் உதவுமா?"

அக்கா, முதலில் கணவரின் யோசனையைப் பார்த்துவிடுவோம், அது சீக்கிரம் முடிந்துவிடும். வாடகை வாங்கினால், விருந்தாளிகளை வைத்திருப்பதற்காகக் கவுன்சில் மாதாமாதம் தரும் நன்றித் தொகை உங்களுக்குக் கிடைக்காது. தண்ணீர், கேஸ், மின்சாரம் ஆகியவற்றில் அவர்கள் பயன்படுத்தும் அளவுக்கு நியாயமான பங்கு கேட்கலாம், அதைத் திட்டமே அனுமதிக்கிறது. அதற்கு மேல் வேண்டாம். ஹாலும் வேண்டாம். பச்சைக் குழந்தை இரவெல்லாம் அழும் வீட்டில், கதவில்லாத இடத்தில் படுத்தெழும்பிப் பள்ளிக்கூடம் போவது ஒரு 13 வயதுப் பையனுக்குச் சரிவராது.

இனி உங்களுடைய பெரிய கேள்விக்கு வருகிறேன். தெருவில் நிற்கவேண்டி வராது, நீங்கள் இப்போதே பேசினால். நம் ஆட்கள் இந்த இடத்தில்தான் தவறிப்போகிறார்கள். முகத்துக்கு நேரே "போங்கள்" என்று சொல்ல நமக்கு வராது. "அவசரமில்லை, வசதியான நேரம் பாருங்கள்" என்போம். கவுன்சிலுக்கு எழுதும் கடிதத்திலும் அதையே எழுதிவிடுவோம். அதைப் படிக்கும் அதிகாரிக்கு ஒன்றுதான் புரியும்: இவர்களுக்கு இருக்க இடம் இருக்கிறது, ஆபத்து ஒன்றும் இல்லை. கோப்பு அப்படியே அடியில் போய்விடும். நீங்கள் கனிவாக எழுதிய ஒரு வரி அந்தத் தாய்க்கே எதிராகப் போய் நிற்கும்.

சட்டம் இப்படித்தான் வேலை செய்கிறது. இங்கிலாந்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த வீடிழப்புக் குறைப்புச் சட்டத்தின்படி, ஒருவர் 56 நாட்களுக்குள் வீடிழக்கப்போகிறார் என்றால், அதைத் தடுக்க உதவுவது கவுன்சிலின் கடமை. அவரோடு உட்கார்ந்து பேசி, நிலைமையை மதிப்பிட்டு, எழுத்தில் ஒரு திட்டம் போட்டுத் தரவேண்டும். அதையும் மீறி வீடிழந்துவிட்டால், வேறு இடம் தேட உதவும் இன்னொரு 56 நாள் கடமை தொடங்குகிறது. பிள்ளையோடு இருக்கும் தாய் முன்னுரிமை வகையில் வருவார், அதனால் தகுதி உள்ளவருக்குத் தற்காலிக இடமாவது கிடைக்கவேண்டும். உக்ரைன் திட்டத்தில் வந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் அகதி அந்தஸ்து பெற்றவர்கள் அல்ல. ஆனாலும் வேலை செய்யவும், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் பெறவும், இந்த வீட்டுவசதி உதவியைக் கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. கடந்த 12 மாதத்தில் ஆறு மாதம் உங்கள் பகுதியில் வசித்திருந்தாலே உள்ளூர்த் தொடர்பும் வந்துவிடும். "வேறு கவுன்சிலுக்குப் போங்கள்" என்று சொல்ல அங்கே இடமில்லை.

அவர் உங்கள் வாடகைக்காரர் அல்ல, உங்கள் வீட்டைப் பகிர்ந்துகொண்டு வாடகையில்லாமல் இருப்பவர். நீதிமன்றம் போகத் தேவையில்லை, நியாயமான அவகாசம் கொடுத்தால் போதும். ஆனால் "நியாயமான" என்பதை இரண்டு வாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் நான்கு மாதம் இருக்கிறது, மூன்றையாவது அவருக்குக் கொடுங்கள்.

முதலில் அவரிடம் பேசுங்கள். கவுன்சில் கடிதம் மூலமாக அவருக்கு இது தெரியவரக்கூடாது. சமையலறையில் தேத்தண்ணீர் போட்டு, பையன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். நேரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் ஆங்கிலம் நன்றாக வருவது பெரும்பாலும் பிள்ளைக்குத்தான், அதனால் எல்லாரும் அவனையே மொழிபெயர்க்கச் சொல்வார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டுக்கு வந்த நம் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் வழக்கறிஞர் முன்னாலும் மருத்துவர் முன்னாலும் அம்மாவுக்காகப் பேசினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "அம்மா, நாங்கள் இந்த வீட்டை விட்டுப் போகவேண்டுமாம்" என்ற வாக்கியத்தை அந்தப் பிள்ளை வாயால் சொல்லவைக்காதீர்கள். தொலைபேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலி போதும். கவுன்சில் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பேசிய அதே வாரத்தில் கடிதத்தை எழுதுங்கள். நாலு வரி போதும்: "எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் இன்னாரும் அவர் மகனும் இன்ன தேதிக்குப் பிறகு இங்கே தங்க முடியாது. எங்கள் மகள் பிரசவத்துக்காக அந்த அறைக்கு வருகிறார். வேறு அறை இல்லை. இந்தத் தேதியை நீட்டிக்க இயலாது." கையெழுத்து, தேதி. ஒரு பிரதி அவருக்கு, ஒன்று கவுன்சிலின் உக்ரைன் குழுவுக்கு, ஒன்று வீட்டுவசதிப் பிரிவுக்கு. கடைசி வரி கடுமையாகத் தோன்றும். அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அந்த வரிதான் அவருக்குக் கதவைத் திறக்கிறது.

உக்ரைன் குழுவையும் வீட்டுவசதிப் பிரிவையும் தனித்தனியாகச் சொல்வதற்குக் காரணம், இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதுக்குத் தெரியாமல் போகலாம். உக்ரைன் குழுவிடம், வேறொரு குடும்பத்தோடு சேர்த்துவைக்க முடியுமா என்று கேளுங்கள். வாடகை வீடு என்றால் முற்பணத்துக்கும் பிணைக்கும் உதவி உண்டா என்று கேளுங்கள். 2023 தொடக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு விருந்தாளிக்கும் 5,900 பவுண்டு, அதற்கு முன் வந்தவர்களுக்கு 10,500 பவுண்டு என்று அரசு கவுன்சில்களுக்குக் கொடுத்தது. அதிலிருந்து முற்பண உதவி ஏற்பாடு செய்த கவுன்சில்கள் உண்டு. கவுன்சிலுக்குக் கவுன்சில் இது மாறும், அதனால் கேட்காமல் விடாதீர்கள்.

தனியார் வீடு தேடும்போது இடிக்கப்போவது விசாதான். உங்கள் விருந்தாளியின் முதல் மூன்று வருட அனுமதி முடியும் தேதியைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் தொடங்கிய நீட்டிப்புத் திட்டத்துக்கு, அந்த அனுமதி முடிவதற்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் அவருடைய விசாவை இணையத்தில் சரிபார்ப்பார். தேதி நெருக்கமாக இருந்தால் பின்வாங்கவும் செய்வார்.

தற்காலிக இடம்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையுள்ள குடும்பத்தைத் தனியார் படுக்கை-காலையுணவு விடுதியில் ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. இடம் கொடுக்கும்போது பிள்ளையின் படிப்பு குலைவதையும் கவுன்சில் கணக்கில் எடுக்கவேண்டும். பையனின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்தால் கை கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. உங்களுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று அவர் தானாகவே தோழி வீட்டு சோபாவுக்குப் போகப் பார்க்கலாம். விடாதீர்கள். இருந்த இடத்தைத் தானே விட்டுவிட்டார் என்று கவுன்சில் சொன்னால் பிறகு வாதாடுவது கடினம். கவுன்சிலின் பதில் எழுத்தில் வரும்வரை அவர் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

நன்றித் தொகை 2025 ஏப்ரலிலிருந்து எல்லா வீட்டுக்கும் மாதம் 350 பவுண்டு. தலைக்கு அல்ல, வீட்டுக்கு. அதற்கு வரி கிடையாது. நீங்கள் அறையைக் கேட்டதால் அதை நிறுத்தமாட்டார்கள். சாவியைத் திரும்ப வாங்கும் அன்றே கவுன்சிலுக்கு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், கூடுதலாக வந்தால் திருப்பிக் கேட்பார்கள். அவரும் அதே நாளில் தன் யூனிவர்சல் கிரெடிட் கணக்கிலும் விசாக் கணக்கிலும் புது முகவரியை மாற்றவேண்டும். பழைய முகவரிக்கு வரும் தபாலை ஒரு பையில் போட்டு வைத்திருங்கள், வாரம் ஒருமுறை பையன் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.