தங்கையின் செல்வமகள் கணக்கும் அக்காவின் கல்யாணச் செலவும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். எனக்கு 24 வயது, கைக்கு வரும் சம்பளம் மாதம் 48,000 ரூபாய். தங்கைக்கு 18 முடிந்துவிட்டது. பி.யு.சி. (பிளஸ் டூ) முடித்து இன்ஜினீயரிங் சேரப்போகிறாள். எனக்கு வரன் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள். "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யுறது" என்று மட்டும் சொன்னார்கள். பெரியம்மா மகளுக்கு 40 பவுன் போட்டார்கள், நமக்கும் குறையக் கூடாது என்கிறார் அப்பா. கையில் 9 லட்சம் இருக்கிறது. தங்கையின் செல்வமகள் கணக்கை (பெண் குழந்தைகளுக்கான அரசு சேமிப்புத் திட்டம்) முடித்து, பற்றாததற்கு நான் 8 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

செல்வமகள் கணக்கை அக்கா கல்யாணத்துக்காக முடிக்க விதியில் இடமே இல்லை. 18 வயதுக்குப் பிறகு கல்யாணத்துக்காக முடிக்கலாம்தான். ஆனால் அது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவளுடைய கல்யாணமாக இருக்க வேண்டும். திட்டம் வந்தது 2015 ஜனவரியில், பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. உங்களுக்கு அப்போது வயது கடந்துவிட்டது. 'பெரியவளுக்கு எதுவும் போட்டு வைக்கவில்லையே' என்று அப்பா மனதில் ஓர் உறுத்தல் இருக்கலாம். அது எனக்குப் புரிகிறது. அதற்காகச் சின்னவள் படிப்புப் பணத்தை எடுப்பது நியாயமாகாது.

கல்லூரி அனுமதிக் கடிதம் அல்லது கட்டண ரசீதைக் காட்டினால், முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை அவள் எடுக்கலாம், கட்டண அளவுக்கு உட்பட்டு. மீதிக்குக் கல்விக் கடன் வாங்குங்கள். அப்பா இணைக் கடன்தாரராக இருக்கட்டும். தங்கையின் கடனுக்கு நீங்கள் வட்டி கட்டினால், கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிச்சலுகை உங்களுக்குக் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் அந்த பர்சனல் லோன். வட்டி 13 சதவீதம், 5 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 18,200 ரூபாய். உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வட்டி மட்டுமே 2,92,000 ரூபாய் போகும். அதுவும் மண்டபத்துக்கும், விற்கும்போது திரும்பி வராத செய்கூலி, சேதாரத்துக்கும். பெரியம்மா வீட்டில் எப்படிச் செய்தார்கள், கடன் வாங்கினார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் யாரும் உங்கள் தவணையைக் கட்டப்போவதில்லை.

கையில் இருக்கும் 9 லட்சத்துக்குள் கல்யாணத்தை முடியுங்கள். பவுனைக் குறையுங்கள். கோயிலில் தாலி கட்டி, சின்ன ஹாலில் சாப்பாடு போடலாம். இதை மாப்பிள்ளையிடம் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே நீங்களே பேசுங்கள். கடன் எடுத்தால் அந்தத் தவணை போவது நீங்கள் இருவரும் நடத்தப்போகும் குடும்பத்திலிருந்து. அவருக்கும் அது தெரிய வேண்டும். "நீங்க செய்யுறது" என்பதற்கு வரதட்சணை என்றுதான் அர்த்தம் என்று தெரிந்தால், கேட்பதும் கொடுப்பதும் 1961 முதல் குற்றம். அந்த வீட்டைப் பற்றி நிதானமாக மறுபடி யோசியுங்கள்.

இந்த வாரமே தங்கையை அழைத்துக்கொண்டு கணக்கு இருக்கும் தபால் நிலையத்துக்கோ வங்கிக்கோ போங்கள். 18 முடிந்ததால் இனி அதை நடத்த வேண்டியவள் அவள்தான். ஆவணங்களைக் கொடுத்து அவள் கையெழுத்துக்கு மாற்றிவிட்டு, பாஸ்புக்கை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.