மூக்கு உடைந்தவரின் நடிப்புத் தொழில்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தில் இரண்டு அச்சங்கள் தெரிகின்றன. சிகாகோவில் உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கும் தங்கள் மகன், பொறியியலில் இடம் பிடிக்கப் போதுமான மதிப்பெண்களை வைத்துக்கொண்டு டிபால் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறார் என்பது முதல் அச்சம். அவருக்குக் கதாநாயகன் முகம் இல்லை, ஆகையால் அந்தத் தொழிலில் நிலைக்கவே முடியாது என்பது இரண்டாவது. முதல் அச்சத்தில் நியாயம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டாவதில் நியாயம் குறைவு என்பதற்கு, அதே பள்ளி குட்மன் பள்ளி என்ற பெயரில் இயங்கிய காலத்தில் அங்கே படித்த கார்ல் மால்டன் என்ற நடிகரின் வாழ்க்கையைத் தங்கள் முன் வைக்கிறேன். அவரைத் திரையில் பார்க்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது, இளமையில் கூடைப்பந்து ஆடும்போது இருமுறை உடைந்து, குமிழ்போலப் பருத்துவிட்ட மூக்குதான்.

1912இல் சிகாகோவில் பிறந்து, பக்கத்து மாநிலமான இண்டியானாவின் கேரி நகரில் வளர்ந்தவர் அவர். தந்தை செர்பியர், தாய் செக் இனத்தவர். பெற்றோர் இட்ட பெயர் ம்லாடன் செக்குலோவிச். பால் விநியோகம் செய்து பிழைத்த தந்தை, செர்பியத் திருச்சபையில் நாடகங்களை மேடையேற்றுவதிலும் ஆர்வமாக இருந்தார். மகன் முதன்முதலில் மேடையேறியது அங்கேதான். 1931இல் நல்ல மதிப்பெண்களுடன் பள்ளியை முடித்தபோது அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் கிடந்தது. விளையாட்டு உதவித்தொகையில் கல்லூரிக்குப் போகலாம் என்று போட்ட கணக்கும், கூடைப்பந்தைத் தவிர வேறு எதையும் ஆட மாட்டேன் என்று அவர் நின்றதால் தவறிப்போயிற்று. பிறகு மூன்று ஆண்டுகள் கேரி எஃகு ஆலையில் வேலை செய்தார். கூலியில் பெரும்பகுதி வீட்டுச் செலவுக்கே போயிற்று.

1934இல் அவர் குட்மன் பள்ளியில் சேர்ந்த விதத்தைத் தங்கள் மகனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். முழுக் கட்டணத்துக்குப் பணம் இல்லை. கையிலிருந்த சிறு தொகையைக் கட்டிவிடுவது, படிப்பில் திறமையைக் காட்டினால் மிச்சத்துக்கு முழு உதவித்தொகை பெறுவது என்று பள்ளியின் இயக்குநரிடமே பேசி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டார். சொன்னபடியே உதவித்தொகையையும் பெற்றார். கடன் வாங்கிப் படித்து, அந்தக் கடனுக்காகக் கிடைத்த வேலையில் எல்லாம் அடைபட்டுக்கொள்ளும் இளைஞர்களைப் பார்த்து அலுத்துப்போன எனக்கு, அவருடைய பிற்காலப் புகழைவிட இந்த ஏற்பாடே பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் 1937இல் படிப்பை முடித்ததும் வாய்ப்புகள் வந்து வாசலில் நிற்கவில்லை. வேலையும் பணமும் இல்லாமல் கேரிக்கே திரும்பினார். அதே ஆண்டில் நியூயார்க் சென்று, குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழு அளித்த சிறு வேடத்தில், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வே மேடையைத் தொட்டார்; பிற்காலத்தில் அவரை இயக்கப்போகும் எலியா கசானின் அறிமுகமும் அங்கேதான் கிடைத்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் சின்னச் சின்ன நாடக வேடங்கள், 1940இல் ஒரு திரைப்படத்தில் தலைகாட்டல், பிறகு உலகப் போரில் விமானப்படைச் சேவை. 1947 டிசம்பரில், கசான் இயக்கத்தில் டென்னசி வில்லியம்ஸ் எழுதிய ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்’ நாடகம் மேடையேறி, மிட்ச் என்ற பாத்திரத்தில் ஊரே அவரைக் கவனித்தபோது அவருக்கு வயது 35. நாடகப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நடிப்புப் படிப்புக்கு நான்கு ஆண்டுச் செலவைக் கணக்கிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கணக்கிட வேண்டியது அதற்குப் பிறகு வரும் இந்தக் காத்திருப்பின் செலவையும் சேர்த்துத்தான்.

முகத்தைப் பற்றிய கேள்விக்கு மிட்ச் பாத்திரமே விடை. நோயாளித் தாயுடன் வாழும், வயது ஏறிக்கொண்டிருக்கும், கூச்சம் நிறைந்த திருமணமாகாத ஆண் அவன்; தனக்கும் ஒரு துணை வாய்த்துவிட்டது என்று நாடகத்தின் நாயகி பிளான்ஷை நம்புகிறான். அவளது கடந்த காலம் தெரிய வந்த இரவில், அவள் பல்பின்மீது மாட்டிவைத்திருந்த காகிதக் கூட்டைப் பிய்த்தெறிந்து, விளக்கைப் போட்டு, இதுவரை வெளிச்சத்தில் பார்த்திராத அவள் முகத்தை உற்றுப் பார்க்கிறான். ஓர் அழகன் அதைச் செய்தால் வெறும் கோபமாகப் போயிருக்கும். மால்டன் செய்யும்போது, இனி இப்படி ஒரு வாய்ப்பு தனக்கு வராது என்று தெரிந்த மனிதனின் அவமானம் தெரிகிறது. அதே நாடகத்தில் முக்கிய வேடத்தில் நடித்த மார்லன் பிராண்டோவுக்கு அருகில் நின்று, அவரோடு அழகில் போட்டியிட வேண்டிய தேவையே இல்லாத இடத்தை அவர் பிடித்துக்கொண்டார். 1951இல் வந்த திரைவடிவத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர், அவருடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு கிடைத்தது. அதே படத்துக்கு பிராண்டோவுக்குக் கிடைக்கவில்லை. 1954இல் ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ படத்தில், துறைமுகத் தொழிலாளர்களுக்காகப் பேசும் பாதிரியாராக வந்தார். கப்பலின் சரக்கறையில் இறந்துகிடக்கும் தொழிலாளியின் அருகில் நின்று, மேலிருந்து பொருள்களை வீசுகிறவர்களுக்கு நடுவே பேச்சை நிறுத்தாமல் அவர் பேசும் காட்சியை மகனுடன் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1970இல் ‘பேட்டன்’ படத்தில் தளபதி ஒமர் பிராட்லி. அறுபது வயதில், 1972 முதல் 1977 வரை, சான் ஃபிரான்சிஸ்கோ துப்பறிவாளராகத் தொலைக்காட்சித் தொடர்; அதில் பெரும்பகுதி மைக்கேல் டக்ளஸுடன். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பயணக் காசோலைகளுக்கு 21 ஆண்டுகள் விளம்பர முகம். விளம்பரத்தை நம் பெற்றோர் மட்டமாக நினைப்பதுண்டு. தொடர்ந்து வந்த அந்த வருமானத்தில் மட்டம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்கர் வழங்கும் அகாடமிக்கே 1989இல் தலைவரானார். 2009இல், 97ஆம் வயதில் மறைந்தார். குட்மன் நாட்களில் பழகி 1938இல் மணந்த மோனா எழுபது ஆண்டுகள் அவருடன் வாழ்ந்தார். குணச்சித்திர நடிகருக்கு வயது எதிரியாவதில்லை. வயது கூடக் கூட அவருக்கு ஏற்ற வேடங்களும் கூடின.

இனி முதல் அச்சம். மால்டனுடைய வழியை அப்படியே தங்கள் மகன் நடக்க முடியாது. அவர் தொடங்கிய காலத்தில் பிராட்வேயில் புதிய நாடகங்கள் இன்றைவிட மிகுதி. ஒரே இயக்குநர் அவரை மீண்டும் மீண்டும் அழைத்ததும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இன்றைய அமெரிக்க நடிகர் சங்கத்தில் உறுப்பினராவது ஒரு படி மட்டுமே. சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதியாக வேண்டிய ஆண்டு வருமானத்தைப் பெரும்பான்மை உறுப்பினர்கள் நடிப்பிலிருந்து ஈட்டுவதில்லை. எனவே மகனிடம் நட்சத்திரமாவாயா என்று கேட்காதீர்கள். முப்பத்தைந்து வயது வரை வேறு ஏதோ ஒரு வேலையில் வாடகையைக் கட்டிக்கொண்டு, பத்து வரி வசனமுள்ள வேடத்துக்கு ஆடிஷன் கொடுத்துக்கொண்டிருக்க மனம் ஒப்புமா என்று கேளுங்கள். அந்த வேலை எதுவாக இருக்கும் என்பதற்கு அவரிடம் உருப்படியான பதில் இருந்தால், தங்கள் அச்சத்தில் பாதி தீரும். பதிலே இல்லையென்றால், நாடகத்துடன் கணினியியலையோ ஆசிரியர் பயிற்சியையோ சேர்த்துப் படிக்கக்கூடிய பல்கலைக்கழகங்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். நடிப்புக்கான நான்காண்டு நுண்கலைப் பட்டம் முழு நாளையும் விழுங்கிவிடும் என்பதால் டிபாலில் அப்படிச் சேர்த்துப் படிப்பது கடினம்.

நம் பெயர்கள் நீளமானவை, அவற்றைச் சுருக்கிக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மால்டன் தம் பெயரை மாற்றியதற்குப் பின்னாளில் வருந்தி, நடித்த படங்களில் எங்காவது ‘செக்குலோவிச்’ என்ற பெயரை நுழைக்கப் பார்ப்பார். ‘பேட்டன்’ படத்தில் ஒரு சிப்பாயிடம் தலைக்கவசத்தை எடுத்துத் தரச் சொல்லும்போது, அவரை அந்தப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார். இன்று அமெரிக்கத் திரையில் இந்தியப் பெயர்கள் முழுமையாகவே வருகின்றன.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, ஆடிஷனுக்கு ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிவசனங்களை அவர் தயாரிக்கட்டும். கதாநாயகன் பேசும் பகுதியைத் தவிர்த்து, தம் வயதுக்கும் உடலுக்கும் பொருந்துகிற பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தங்கள் பங்கு, மத்திய அரசின் மாணவர் உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தைக் காலத்தோடு நிரப்புவதும், இடம் கிடைத்த கடிதத்துடன் வரும் உதவித்தொகையில் எது மானியம், எது கடன் என்று பிரித்துப் பார்ப்பதும் ஆகும். கடன் பகுதி கூடுதலாக இருந்தால், தயங்காமல் பள்ளியைத் தொடர்புகொண்டு உதவித்தொகையைக் கூட்டித் தரக் கேளுங்கள். அந்தக் கடிதம் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். எண்களைச் சேர்ந்து பார்ப்போம்.