கோழிக்கூட்டுத் தகரமும் மகனின் கச்சேரியும்

கேள்வி: எனக்கு 54 வயது. ஒரே மகன், 22 வயது. மெட்டல், நொய்ஸ் இசை என்று ஏதோ சொல்லி நாலு பெடியன்களோடு சேர்ந்து அடிக்கிறான். கேட்டால் இரும்புக் கடையில் கிரைண்டர் போட்டதுபோல இருக்கிறது. கோழிக்கூட்டுக் கூரைத் தகரம் ஒன்றையும் அதற்கென்று கழற்றிக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதம் இங்கே கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியின் பின்வளவில் நிகழ்ச்சி. ரிக்கெட்டைக் கையில் தந்து, "அம்மா, முன்னுக்கு வந்து நில்லுங்கோ" என்கிறான். என் தங்கச்சி, "அது சாத்தானைக் கும்பிடுற ஆக்களின்ர பாட்டு, கையில கொம்பு காட்டுவாங்கள், போகாதேங்கோ" என்கிறாள். எனக்குப் பயம் அதில் இல்லை. 2006இல், யுத்த நேரம், சம்பூர்ப் பக்கம் ஷெல் விழுந்த இரவுகளில், யன்னல் அதிரும்போதெல்லாம் இவன் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருந்தவள் நான். இன்றைக்கும் பெரிய சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்கும். போகாவிட்டால் பிள்ளை மனம் நோகும். போனால் நான் என்ன ஆவேனோ?
— ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: போங்கள் அக்கா. ஆனால் மகன் சொன்னபடி முன்னுக்கு நிற்க வேண்டாம். அது இருபது வயதுக் காதுக்கும் கூடாத இடம்.

முதலில் உங்கள் தங்கச்சியின் கதையை முடித்துவிடுகிறேன். அந்தக் கொம்புக் கையை மெட்டல் மேடையில் பிரபலமாக்கியவர் ரோனி ஜேம்ஸ் டியோ என்ற பாடகர். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். கண்ணூறு படாமல் இருக்கத் தன் பாட்டி இரண்டு விரலை அப்படி நீட்டுவார், அதைப் பார்த்துத்தான் பழகினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாங்கள் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுகிறோம், அந்தப் பாட்டிக்கு விரல் போதுமாக இருந்திருக்கிறது. பாட்டுகளில் பேய், சாவு, நரகம் எல்லாம் வரும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சூலம் ஏந்திய பத்திரகாளியை விழுந்து கும்பிடுகிற ஊர் நாங்கள். பார்க்கப் பயங்கரமாக இருப்பதெல்லாம் கெட்டது என்று நாங்களே சொல்லலாமா?

கிரைண்டர் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. 1970இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட பிளாக் சபாத் குழுவில் இருந்துதான் மெட்டல் இசையின் கதையைத் தொடங்குவார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துப் பெடியன்கள். கிட்டார் வாசித்த டோனி அயோமி உலோகத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். 17 வயதில், வேலையை விட்டுப் போக இருந்த கடைசி நாளன்று, இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனி போய்விட்டது. அவர் இடக்கைக்காரர். கம்பியை அழுத்த வேண்டியதே அந்தக் கைதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டினார், மெல்லிய கம்பி போட்டார், பிறகு கம்பிகளைத் தளர்த்தியும் வாசித்தார். தளர்ந்த கம்பி தாழ்ந்து உறுமியது. உங்கள் வீட்டுப் பின்னறையில் இன்றைக்குக் கேட்கும் உறுமல் அந்த வழியில் வந்ததுதான்.

நொய்ஸ் என்பது வேறு, இரைச்சலையே இசையாக்குவது. கோவில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிப் பொக்ஸுக்கு முன்னால் கொண்டுபோனால் "கீ..." என்று கூவுமே, ஞாபகம் இருக்கிறதா? பொக்ஸில் வந்த சத்தம் திரும்பவும் மைக்கில் ஏறி, சுற்றிச் சுற்றிப் பெருகுகிறது. அறிவிப்பாளர் பதறிப்போய் மைக்கைப் பொத்துவார். நொய்ஸ்காரர் பொத்தமாட்டார். அந்தக் கீச்சைக் கூட்டிக் குறைத்து, வளைத்து, அதையே வாசிப்பார். தகரத்தில் காசுக் குற்றி அளவில் ஒரு மைக்கை ஒட்டிவிட்டால் நகத்தால் சுரண்டினாலே இடி இடிக்கும். உங்கள் கோழிக்கூட்டுக் கூரைக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். இது நேற்று முளைத்த கூத்தும் இல்லை. 1913இலேயே லூயிஜி ருஸ்ஸோலோ என்ற இத்தாலிய ஓவியர், இயந்திர இரைச்சலும் இசைதான் என்று அறிக்கை எழுதி, அதற்கென்றே பெட்டி பெட்டியாக வாத்தியமும் செய்தார். ஜப்பானில் மெர்ஸ்பௌ என்ற பெயரில் மசாமி அகிதா 1979இல் தொடங்கியது இன்னும் ஓயவில்லை.

இரைச்சலுக்கு வேலை கொடுப்பது எங்களுக்கும் புதிதில்லையே. தாலி ஏறும் நேரம் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கை காட்டுவது எதற்கு? தும்மலோ வேண்டாத சொல்லோ காதில் விழக்கூடாது என்றுதானே. அந்த ஒரு நிமிஷம் தவில்காரரிடம் யாரும் நயம் கேட்பதில்லை.

சரி, உங்கள் நெஞ்சடிப்புக்கு வருவோம். கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த இடம் அது. சம்பூர்ப் பக்கத்துச் சத்தம் எப்போது வரும், எங்கே விழும், எப்போது நிற்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்தச் சத்தத்துக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, அது உங்கள் மகனின் காலடியில் இருக்கிறது. ஆகவே நிகழ்ச்சி நாள் பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போதே, சவுண்ட் செக் என்று சத்தத்தைச் சரிபார்க்கிற நேரம் போங்கள். பொக்ஸ் எங்கே நிற்கிறது, வாசல் எங்கே, எந்த வழியால் கடற்கரைக்கு இறங்கலாம் என்று பார்த்து வையுங்கள். ட்ரம்ஸின் பெரிய மேளத்தை ஒருக்கா உதைத்துக் காட்டச் சொல்லுங்கள். அது காதில் கேட்கும்போதே நெஞ்சிலும் இடிக்கும். அந்த இடிதான் உங்களை அன்றைய இரவுகளுக்கு இழுத்துக்கொண்டு போகக்கூடும். பகலில் ஒரு தரம் தெரிந்துகொண்டால் இரவில் திடுக்கிடுவது குறையும். வெடி, புகை, வெட்டி வெட்டி மின்னும் லைட் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். முழுக்க இருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. மகன் மேடையில் நிற்கும் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு மணலில் போய் இருங்கள். அதற்குப் பிறகும் நாள்கணக்கில் தூக்கம் வராமல் பழைய நினைவுகளே வந்துகொண்டிருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள், தேசிய மனநல உதவி இணைப்பு அது.

இன்னொன்று, மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த இரவுகள் நினைவிருக்காது. அவனுக்கு இதை எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? எனக்கு எழுதியதை அவனிடமும் சொல்லுங்கள். முன்னுக்கு நில்லுங்கோ என்று பிறகு கேட்கமாட்டான்.

காது விஷயத்தில் என் மடத்தனத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் அக்காவின் மகனோடு கொழும்பில் ஒரு மண்டபத்துக்கு இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். மின்விசிறி அங்கேதான் இருந்தது என்று பொக்ஸுக்குப் பக்கத்தில் நின்றேன். காதில் பஞ்சு வைத்திருக்கிறேனே என்ற தைரியம் வேறு. இரண்டு நாள் காதுக்குள் சில்வண்டு கத்தியது. பஞ்சு பெரிதாக ஒன்றையும் தடுக்காது. சத்தத்தை டெசிபெல் என்ற அளவில் சொல்வார்கள், 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணித்தியாலம் தாங்கலாம் என்று கணக்கு. மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100க்கு வந்தால் பதினைந்து நிமிஷம்தான். மெட்டல் மேடைகள் 100ஐச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். உள்காதின் நுண்மயிர்க் கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது.

பார்மசியில் காதுக்கு வைக்கும் நுரை அடைப்பான் கேளுங்கள். இல்லாவிட்டால் வேலைத்தளச் சாமான் விற்கும் கடையில் இருக்கும். விரலுக்கிடையில் திரி மாதிரி ஒல்லியாக உருட்ட வேண்டும், மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும், அது ஊதி நிறையும்வரை விரலால் அமத்திக்கொண்டு நிற்க வேண்டும். முதல் தரம் தனியாகச் செய்வது கரைச்சல், மகனையே வைத்துவிடச் சொல்லுங்கள். மகனும் போட்டுக்கொள்ள வேண்டும், ட்ரம்ஸ்காரப் பெடியன் கட்டாயம். திறந்த வளவில் பொக்ஸில் இருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் ஆறு டெசிபெல் அளவு குறையும், ஆகவே பின்வேலியோரம் ஒரு கதிரை போடச் சொல்லுங்கள். கச்சான் காற்று வீசினால் சத்தத்தையும் கடலுக்குத்தான் கொண்டுபோகும், அயலவர் பிழைத்தார்கள்.

முடிந்ததும் வியர்க்க விறுவிறுக்க வந்து "எப்பிடி அம்மா?" என்று கேட்பான். "நல்லா இருந்தது" என்று பொய் சொல்ல வேண்டாம், இந்தப் பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எந்த இடத்தில் எழுந்து போக நினைத்தீர்கள், எந்த இடத்தில் போகாமல் இருந்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் கோழிக்கூட்டுத் தகரம் எப்போது திரும்பி வரும் என்றும் கேட்டு வையுங்கள், மாரி வரப்போகிறது.