பதினான்கு நாள் இரவுக்கு எந்த இன்ஜின்?

கேள்வி: சந்திரனிலும் செவ்வாயிலும் மனிதர்கள் தங்கி வாழ அணுமின்சாரம் இல்லாமல் முடியாதா? சூரியத் தகடு போதாதா?

பகலுக்குப் போதும். இரவுக்குத்தான் போதாது.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவன். பிறகு செம்பனை எண்ணெய் ஆலையில் 26 வருடம் இன்ஜின் ரூம் வேலை, இப்போது ஓய்வு. விண்வெளி எனக்குப் படித்துத் தெரிந்ததுதான். ஆனால் கரண்ட் நின்றால் என்ன ஆகும் என்பது பட்டுத் தெரிந்தது. சின்ன வயதில் தோட்டத்து ஜெனரேட்டரை மாலை ஆறுக்கு ஓட்டி இரவு பத்துக்கு நிறுத்திவிடுவார்கள். ஒன்பதே முக்காலுக்கே அம்மா மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியைத் துடைத்து வைத்துவிடுவார். லைட் போனால் நாங்கள் படுத்துக்கொள்வோம், அவ்வளவுதான். சந்திரனில் அப்படிப் படுக்க முடியாது. மூச்சுக் காற்று, சூடு, தண்ணீர் எல்லாமே கரண்டை நம்பித்தான்.

அங்கே ஓர் இரவு என்பது நம் கணக்கில் 14 நாளுக்கு மேல், சுமார் 354 மணி நேரம். குளிர் மைனஸ் 170 டிகிரி வரை இறங்கும். 2023-ல் அங்கே இறங்கிய இந்தியாவின் விக்ரம் இறங்குகலம், தகட்டையும் பேட்டரியையும் நம்பிப் போனது. ஒரு பகல் நன்றாக உழைத்தது. விடிந்தபின் எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. ஒரு பகலுக்கென்றே செய்த கருவி, அதனால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆள் இருக்கும் இடத்தில் அந்தக் கதை நடக்கக் கூடாது.

ஒரு கணக்குப் போடுவோம். நாசா 2022-ல் சந்திரனுக்கான சிறிய அணு உலைக்கு வடிவமைப்புக் கேட்டபோது சொன்ன அளவு 40 கிலோவாட், எடை ஆறு டன்னுக்குள், ஆயுள் பத்து வருடம். (2025-ல் அதை 100 கிலோவாட்டாக உயர்த்திக் கேட்டார்கள்.) அதே 40 கிலோவாட்டை ஓர் இரவு முழுக்க பேட்டரியிலிருந்து எடுப்பதென்றால் 14,160 யூனிட் சேமித்திருக்க வேண்டும். கிலோவுக்கு 200 வாட்-மணி தாங்கும் லித்தியம் பேட்டரியாக இருந்தாலும் எடை 70 டன் வரும். அப்பல்லோ ஆட்களை இறக்கிய வண்டியே எரிபொருளோடு சுமார் 15 டன்தான். தென்துருவத்தில் சில மேடுகளில் வருடத்தின் பெரும்பகுதி வெயில் விழுகிறது. அங்கே உயரக் கம்பம் நட்டுத் தகடு மாட்டலாம், இரவும் சுருங்கும். ஆனால் குடியேற்றம் என்றால் மேட்டிலேயே உட்கார்ந்திருக்க முடியாதே.

செவ்வாயில் இரவு நம்முடையதைப் போலத்தான். அங்கே பிரச்சினை தூசி. 90 நாளைக்கென்று நாசா அனுப்பிய, சூரியத் தகட்டில் ஓடும் ஆப்பர்ச்சூனிட்டி வண்டி 14 வருடம் ஓடியது, 2018 ஜூனில் வந்த புழுதிப் புயலில் வெளிச்சம் இல்லாமல் அடங்கிவிட்டது. அதே புயலில் நாசாவின் இன்னொரு வண்டியான கியூரியாசிட்டி வேலையை நிறுத்தவில்லை. அதன் வயிற்றில் இருப்பது 4.8 கிலோ புளூட்டோனியம் டைஆக்சைடு. அது தானாகத் தரும் சூட்டிலிருந்து, புதிதில் 110 வாட் அளவு கரண்ட். ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான், ஆனால் நிற்காது. திரும்பி வரும் ராக்கெட்டுக்கு டன் கணக்கில் ஆக்சிஜனை அங்கேயே தயாரிக்க வேண்டுமென்றால் இந்தப் பல்பு கரண்ட் எந்த மூலைக்கு? அதற்கு உலைதான் வேண்டும்.

விண்கப்பலையே ஓட்டும் அணு இன்ஜின் வேறு கதை. 1960-களில் நெவாடா பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்தார்கள், 1970-களின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். பறக்கவே இல்லை.

எனக்கு உண்மையில் பிடித்த பகுதி சூட்டை வெளியேற்றுவது. எங்கள் ஆலையில் பழத்தின் நாரையும் ஓட்டையும் பாய்லரில் எரிப்போம், ஆவி டர்பைனைச் சுற்றும். சுற்றிவிட்டு வெளியே வரும் ஆவியையும் விடமாட்டோம், அதுதான் குலைகளை அவிக்கப் போகும். சந்திரனில் ஆறும் இல்லை, காற்றும் இல்லை. உலையின் சூட்டில் கால்வாசி கரண்ட் ஆனால் மீதி முக்கால்வாசி, அதாவது 40 கிலோவாட்டுக்கு 120 கிலோவாட், வெப்பக் கதிராக மட்டுமே வெளியேற முடியும். அதனால் உலையைவிட சூட்டை வெளியேற்றும் அதன் சிறகுகள்தான் பெரிதாக இருக்கும். நானாக இருந்தால் இரவில் அந்தச் சூட்டில் கொஞ்சத்தைக் குடியிருப்புக்குத் திருப்பிவிடுவேன்.

2018 மார்ச்சில் நெவாடாவில் கிரஸ்டி என்ற சிறு உலையை 28 மணி நேரம் ஓட்டினார்கள். சமையலறைப் பேப்பர் உருளை அளவு யுரேனியக் கட்டி. சூட்டை அதிகம் உறிஞ்சினால் கட்டி குளிர்ந்து சுருங்கி, அணுப்பிளவின் வேகம் தானே கூடுகிறது. உறிஞ்சுவதைக் குறைத்தால் தானே அடங்குகிறது. பக்கத்தில் ஆள் உட்கார வேண்டியதில்லை. ராத்திரி ஷிப்டில் கேஜைப் பார்த்துக்கொண்டே கண் எரிந்தவனுக்கு இதைப் படிக்கப் பொறாமையாக இருந்தது.

இதை ஒட்டுக்கடையில் சொன்னபோது பக்கத்து மேசைப் பெரியவர், "தம்பி, புக்கிட் மேராவை மறந்துட்டியா?" என்றார். மறக்கவில்லை. ஈப்போ பக்கத்து அந்த ஊரில் அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுத்த ஆலையின் கதிரியக்கக் கழிவுக்காக மக்கள் கோர்ட்டுப் படி ஏறியதை இங்கே எல்லாரும் அறிவோம். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். புளூட்டோனியம் ஏவும்போதே கதிர் வீசும். யுரேனிய உலையை ஓட்டத் தொடங்கும்வரை அதில் கதிர்வீச்சு மிகக் குறைவு. அங்கே போய்ச் சேர்ந்தபின் ஓட்டினால் ஏவும்போது வெடித்தாலும் ஆபத்து சிறிது. ஓடிய உலை கீழே விழுவதுதான் பயம். 1978 ஜனவரியில் சோவியத்தின் காஸ்மோஸ் 954 என்ற, உலை வைத்த செயற்கைக்கோள் அப்படிக் கனடாவின் வடக்கே சிதறி விழுந்தது, துப்புரவுக்கு சோவியத் 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்தது.

பெரியவர் விடவில்லை. "சரி, பத்து வருசம் ஓடி முடிஞ்ச உலையை என்ன பண்ணுவாங்க?" அங்கேயே விட்டுவிட்டுத் தள்ளிப் போய் வேறு வைப்பார்கள் என்றேன். எங்கள் ஆலைக்குப் பின்னால் பழைய பாய்லரையும் அப்படித்தான் விட்டோம், இப்போது லாலான் புல் மூடிவிட்டது. சந்திரனில் லாலான் முளைக்காது என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை, தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.