ஐரோப்பாவில் பைக் ஓட்டிகளின் கூட்டமைப்பு சட்டத்தில் எப்படித் தலையிடுகிறது?

ஃபெமா என்பது பல ஐரோப்பிய நாடுகளின் பைக் ஓட்டிகள் சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. அலுவலகம் பிரசல்ஸில். ஏன் அங்கே? ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகன விதிகள் பலவும் அந்த ஊரில்தான் எழுதப்படுகின்றன. சாப்பிட உட்கார்ந்தபின் உப்பு அதிகம் என்பதைவிட, குழம்பு கொதிக்கும்போதே அடுப்படியில் நிற்பது மேல் இல்லையா?

2012இல், ஒன்றியத்தின் சட்ட வரைவுகளை முன்வைக்கும் ஐரோப்பிய ஆணையம் பைக்குகளுக்கும் காலமுறைத் தகுதிச் சோதனையைக் கட்டாயமாக்க வரைவு கொண்டுவந்தது. இயந்திரக் கோளாறால் விபத்து நடப்பது அரிது என்று ஃபெமா எதிர்த்து வாதாடியது. 2014இல் வந்த சட்டப்படி, 2022 முதல் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்குச் சோதனை உண்டு. ஆனால் மாற்றுப் பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் நாடு விலக்குப் பெறலாம். என்னைக் கேட்டால், பாதி வெற்றி.

அப்புறம், இப்படிச் சட்டம் இயற்றுபவர்களிடம் பேசி வாதாடும் லாபி வேலை என்றதும் பெட்டி கைமாறும் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் ஐரோப்பிய நாடாளுமன்ற எம்.பி.க்களைச் சந்தித்து, 'இந்த வரியை இப்படி மாற்றுங்கள்' என்று தாளை நீட்டுவதுதான்.